பூஜ்ஜியம் எண் வீட்டில் ஏன் யாரும் குடியிருப்பதில்லை

புரோகிராம்களுக்கு வாயும் காலும் இருந்த காலத்தில் நடந்தது இது. இப்போது இல்லையா என்று என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். அப்போது இருந்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

பூவரசம்பாறை அணையின் கட்டுப்பாட்டு அறையில் யுனிக்ஸ் வம்சத்துக் கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. அதற்குள்ளே நினைவூர் என்று ஓர் ஊர். படித்தவர்கள் அதை நினைவகம் என்பார்கள். உள்ளே இருந்தவர்களுக்கு அது ஊர்தான். ஒரே ஒரு தெரு, கண்ணுக்கெட்டாத நீளம். தெரு முழுக்கக் குழி குழியாகப் பிரித்திருக்கும். ஒரு குழியில் ஒரு சின்ன எண்ணை வைக்கலாம், அதற்குமேல் இடம் கிடையாது. நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு குழி சேர்ந்தால் ஒரு பக்கம். ஒரு பக்கம் என்றால் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குக் கதவு உண்டு, தாழ்ப்பாள் கிடையாது. யார் வேண்டுமானாலும் யார் வீட்டுக்குள்ளும் போகலாம், இருப்பதைப் படிக்கலாம், இஷ்டப்பட்டால் அழித்து வேறு எழுதிவிட்டும் வரலாம். கடிதம் அச்சடிக்கிற ஒருத்தி இருந்தாள். இருபது குழியில் அடங்க வேண்டிய பெயரை முப்பது குழிக்கு எழுதுவாள். மிச்சம் பத்தெழுத்து பக்கத்து வீட்டு அடுப்பங்கரையில் போய் உட்கார்ந்திருக்கும். கொஞ்ச நேரம் வாய்ச்சண்டை நடக்கும், அப்புறம் சரியாகிவிடும். ஊர் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஊரார் நடக்கிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. ஒவ்வொருவர் மடியிலும் ஒரு சீட்டு இருக்கும். சீட்டில் ஒரு கதவெண். அந்த எண்ணுக்குப் போவார்கள், அங்கே இருப்பதைக் கேட்டுக்கொள்வார்கள், திரும்பி வந்து தங்கள் வேலையைச் செய்வார்கள். எதிர்வீட்டில் தீப்பிடித்தாலும், அந்த எண் சீட்டில் இல்லையென்றால் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பிடிவாதம் என்று நினைக்காதீர்கள், பிறவியே அப்படி.

கதவெண்ணை அவர்கள் ஒன்றிலிருந்து தொடங்க மாட்டார்கள், பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குவார்கள். ஒன்றும் எழுதாத சீட்டும் அங்கே வெள்ளையாக இருக்காது. எண்ணைத் தவிர வேறெதையும் அறியாத ஊர் அல்லவா, எழுதாத சீட்டிலும் பூஜ்ஜியம்தான் இருக்கும். ஆகையால் யாருடைய சீட்டிலாவது எண் எழுத மறந்துபோனால், அந்த ஆள் நேராகத் தெருவின் முதல் வீட்டுக்கு வந்து நிற்பான். தான் வழி தவறி வந்திருப்பதே அவனுக்குத் தெரியாது.

அந்த முதல் வீட்டில் சண்முகவடிவு இருந்தாள். வடிவு என்று கூப்பிடுவார்கள். ஊரைப் பெருக்குகிற வேலை அவளுக்கு, அதனால் சீட்டில்லாமலே எந்த வீட்டுக்கும் போவாள். யாராவது வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனால், அவர்கள் விட்டுப்போன எண்களையெல்லாம் பெருக்கித் துடைத்து, குழிக்குக் குழி பூஜ்ஜியமாக்கி வைப்பாள். பழைய ஆளின் ரகசியம் புதிதாக வருகிறவன் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதில் படு கறார். தன் வீட்டையும் அப்படித்தான் வைத்திருந்தாள். மூலை முடுக்கில்கூட ஓர் எண் கிடக்காது.

அந்த வீட்டை அவளுக்குக் கொடுத்தவர் மணியக்காரர். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் அவரைக் கெர்னல் என்பார்கள். யாருக்கு எந்த வீடு, யார் முறை எப்போது, யார் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. மூச்சுவிட நேரமில்லாத மனுஷர்.

வடிவுக்கு ஒரு குணம். வந்தவரை இல்லையென்று சொல்லித் திருப்பி அனுப்ப அவளுக்கு மனசு வராது. யார் என்ன கேட்டு வந்தாலும் தன் வீட்டில் இருப்பதை எடுத்துக் கொடுத்துவிடுவாள். இருப்பதோ பூஜ்ஜியம். ஒரு தரம் அந்த அச்சடிக்கிறவள் எழுதாத சீட்டோடு வந்து, "பேரு கேட்டு வந்தேன்க்கா" என்றாள். "பூஜ்ஜியம். எடுத்துக்கோ" என்றாள் வடிவு. அவளும் அதை வாங்கிப் போய், யாருக்கும் இல்லாத ஒரு கடிதத்தை அழகாக அச்சடித்து அனுப்பிவிட்டாள். ஒரு கலவரமும் வரவில்லை.

"என் வாசலுக்கு வந்தவங்க ஒருத்தரும் வெறுங்கையோட போனதில்ல அண்ணாச்சி" என்று மணியக்காரரிடம் பெருமையாகச் சொல்வாள். அவரும் தலையாட்டிவிட்டு அடுத்தவன் முறையைக் கூப்பிடப் போய்விடுவார். சும்மா சொல்லக் கூடாது, தங்கமான மனசு. அந்தத் தங்கமான மனசுதான் ஒருநாள் நாலு ஊரைத் தண்ணீருக்குள் தள்ளப் பார்த்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஐப்பசி பிறந்து பத்து நாள் இருக்கும். மலையில் மூன்று நாளாக விடாத மழை. பூவரசம்பாறை அணைக்கு மண் கரை. நாற்பத்துநாலு அடி வரை தாங்கும். அதற்குமேல் தண்ணீர் கரையில் வழிந்தால் மண் கரைந்து கரையே போய்விடும். அதற்கு முன்னால் ஷட்டர் மூன்றையும் தூக்கி, தண்ணீரைப் பதமாக ஆற்றில் விட வேண்டும். ஆற்றோரத்தில் நாலு ஊர் இருக்கிறது, பிள்ளை குட்டிகளோடு.

ஷட்டர் தூக்குகிற வேலை இசக்கி என்கிற புரோகிராமுடையது. நிமிஷத்துக்கு ஒரு தரம் சீட்டில் உள்ள வீட்டுக்குப் போய் நீர்மட்டம் கேட்டு வருவான். முப்பத்தெட்டு அடிக்குக் கீழே என்றால் பச்சை விளக்கை எரியவிட்டுச் சும்மா இருப்பான். மேலே என்றால் ஷட்டரைத் தூக்குவான். நீர்மட்டத்தை அளந்து தன் வீட்டில் வைத்திருக்கிறவள் பூரணம். இசக்கியின் சீட்டில் எப்போதும் இருப்பது அவள் வீட்டு எண்.

அன்று காலை பத்து மணிக்குக் கரண்டு போய்விட்டு வந்தது. ஊர் மொத்தமும் கலைந்து மறுபடி குடியேறியது. வழக்கப்படி பூரணம் முதலில் ஒரு வீட்டில் அமர வேண்டும். அப்புறம் எழுப்புகாரன் என்று ஒருவன், அவள் கதவெண்ணை இசக்கியின் சீட்டில் எழுதிவிட்டு அவனை எழுப்ப வேண்டும். அன்றைக்குப் பூரணத்தின் அளவுக்கம்பி நனைந்துபோய், அவள் வருவதற்குத் தாமதமாகிவிட்டது. எழுப்புகாரனுக்குப் பொறுமை இல்லை. எழுதாத சீட்டை இசக்கியின் மடியில் செருகி, அவனை உலுக்கி எழுப்பிவிட்டு, தன் வேலை முடிந்ததென்று போயே போய்விட்டான்.

இசக்கி சீட்டைப் பார்த்தான். பூஜ்ஜியம் என்று இருந்தது. நேராக வடிவு வீட்டுக்கு வந்தான்.

"அக்கா, நான் மதகுக்கார இசக்கி. தண்ணி எத்தனை அடி இருக்கு?"

"பூஜ்ஜியம் தம்பி."

"நல்லதாப் போச்சு. வாரேன்க்கா."

நமக்கு ஒரு நிமிஷம் என்பது அவர்களுக்கு ஒரு முழு நாள். ஆகவே நிமிஷத்துக்கு ஒரு தரம் வருகிறவன் தினம் ஒரு தரம் வந்து போகிற ஆள் மாதிரி. பத்து தரம், இருபது தரம் வந்ததில் இருவருக்கும் பேச்சு வளர்ந்துவிட்டது. வடிவுக்குத் தம்பி கிடையாது. இவன் வருகிற நேரம் பார்த்து வாசலைக் கூட்டிவிட்டு நிற்க ஆரம்பித்துவிட்டாள்.

"மூணாவது ஷட்டர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்க்கா. அதை மட்டும் மெதுவாத் தூக்கணும், இல்லேன்னா சங்கிலி சுத்திக்கிடும்" என்பான்.

"தண்ணியே இல்லாதப்ப நீ ஏன் தம்பி இப்படிப் பதறுத?"

"கீழ நாலு ஊரு இருக்குல்லா. நான் ஒழுங்கா இருந்தாத்தான் அவங்க சோறு திங்க முடியும். நீங்க பூஜ்ஜியம்னு சொல்லும்போது எனக்கு மனசுக்குள்ள ஒரு நிம்மதி."

அதைக் கேட்டு வடிவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அடுத்த தரம் இன்னும் கனிவாக பூஜ்ஜியம் சொன்னாள்.

அவள் வாசலுக்கு அன்றைக்கு இன்னொருவனும் வந்துகொண்டிருந்தான், மாசானம் என்று பெயர். கால்வாய்க் கதவைத் திறக்கிறவன். அவன் சீட்டும் எழுதாத சீட்டுதான். "எத்தனை அடி திறக்கணும்?" என்று கேட்பான். இவள் பூஜ்ஜியம் என்பாள். கதவை மூடியபடியே வைத்திருப்பான். கால்வாயில் உடைப்பெடுத்து, ஆட்கள் பத்துப் பேர் உள்ளே இறங்கி மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருப்பதாக அவன்தான் சொன்னான்.

வெளியே லஸ்கர் மாடக்கண்ணு, ஷட்டரைக் காவல் காக்கிற மனுஷர், பச்சை விளக்கைப் பார்த்தபடி டீ குடித்துக்கொண்டிருந்தார். பச்சை எரியும்போது கொட்டுகிற மழையில் நனைந்து போய் அணையை எட்டிப் பார்க்க அவருக்கென்ன தலையெழுத்தா? நீங்களும் போக மாட்டீர்கள், நானும் போக மாட்டேன்.

இசக்கி எழுபது தரத்துக்கு மேல் வந்து போன பிறகு, எழுப்புகாரன் காலி செய்துவிட்டுப் போன வீட்டைப் பெருக்கலாம் என்று வடிவு வாரியலை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அதற்கு அடுத்த வீட்டு வாசலில் பூரணம் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"நீ எப்ப வந்தே பூரணம்?"

"வந்து எவ்வளவோ நாளாச்சு. ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கல. நாப்பத்தொண்ணேகால் அடினு கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். இந்த இசக்கி எங்க போய்த் தொலைஞ்சான்னு தெரியல."

வாரியல் கை நழுவிக் கீழே விழுந்தது.

"எத்தனை அடினு சொன்னே?"

"நாப்பத்தொண்ணேகால். ஏறிக்கிட்டே இருக்கு. ஏன் உன் முகம் இப்படிப் போகுது?"

வடிவு வீட்டுக்கு ஓடினாள். ஓடும்போதே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இசக்கி அவளைத் தேடி வந்தவன் இல்லை. எழுதாத சீட்டு அவனைக் கொண்டுவந்து விட்டிருக்கிறது. அவன் கேட்டது அணையின் தண்ணீரை. அவள் சொன்னது தன் வீட்டு வெறுமையை. அவன் அதை அப்படியே நம்பி, எழுபது தரம் ஷட்டரைத் தொடாமல் இருந்திருக்கிறான். பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

இசக்கி வந்தான்.

"தம்பி, என்கிட்ட கேக்காத. ஏழாயிரத்து முப்பதாம் வீட்டுக்குப் போ, பூரணம் இருக்கா. தண்ணி நாப்பத்தோரு அடிக்கு மேல நிக்கி."

இசக்கி சீட்டை எடுத்துப் பார்த்தான். அவளையும் பார்த்தான். "சீட்டுல பூஜ்ஜியம்தானக்கா இருக்கு."

"அது எழுதாத சீட்டுடா."

"இருக்கட்டும்க்கா. சீட்டுல இல்லாத வீட்டுக்கு எனக்குக் கால் வராது. வாயால சொல்லுறதை எடுத்துக்கிட்டுப் போகவும் எனக்கு வழி இல்ல. குழியில என்ன இருக்கோ அதுதான்." குனிந்து அவள் வீட்டுக் குழியைப் பார்த்தான். "பூஜ்ஜியம்னு இருக்கு. வாரேன்க்கா."

அவன் போனதும் வடிவு ஒரு முடிவுக்கு வந்தாள். குழியில் இருப்பதைத்தானே எடுத்துக்கொண்டு போகிறான், இருக்கட்டும், குழியிலேயே நாற்பத்தொன்று என்று எழுதிவிட்டால் போயிற்று. வாழ்நாளில் தன் வீட்டில் ஓர் எண்ணை எழுதாதவள், விரலை நீட்டி உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்து மாசானம் வாசலில் வந்து நின்றான்.

"எத்தனை அடி திறக்கணும்க்கா?"

நீட்டிய விரலை வடிவு அப்படியே மடக்கிக்கொண்டாள். நாற்பத்தொன்று என்று எழுதியிருந்தால் இவன் அந்த எண்ணை எடுத்துக்கொண்டு போய் கால்வாய்க் கதவைக் கடைசி வரை தூக்கியிருப்பான். உள்ளே நின்று மூட்டை அடுக்குகிற பத்துப் பேரும் போயிருப்பார்கள். நாற்பத்தொன்று எழுதினால் கால்வாயில் சாவு, பூஜ்ஜியம் இருந்தால் ஆற்றில் சாவு. இன்னும் யார் யார் எழுதாத சீட்டோடு வரப் போகிறார்களோ, அவர்கள் என்ன கேட்டு வருவார்களோ, அதுவும் அவளுக்குத் தெரியாது. மாசானத்துக்குப் பூஜ்ஜியத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டு மணியக்காரரிடம் போனாள். போகும் வழியெல்லாம் அழுதாள்.

மணியக்காரர் பதிவேட்டிலிருந்து தலை நிமிராமல் அவள் சொன்னதையெல்லாம் கேட்டார். நடுவில் ஒரு தரம் மட்டும் பேனாவை வைத்துவிட்டு நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"இசக்கி சீட்டுல நீங்களே சரியான எண்ணை எழுதிருங்க அண்ணாச்சி" என்றாள் வடிவு.

"அவன் மடியில நான் கை வைக்கக் கூடாது தாயி. சீட்டு எழுதாம இருக்குனு பாத்தாத் தெரியும். அதுல எது இருந்திருக்கணும்னு எனக்கு எப்படித் தெரியும்? நீ சொல்லுதேனு இன்னைக்கு எழுதினா, நாளைக்கு இன்னொருத்தன் பேச்சைக் கேட்டு இன்னொருத்தன் சீட்டுல எழுதணும்."

"அப்ப மாடக்கண்ணுகிட்ட சொல்லுங்க. அவரு வந்து பாக்கட்டும்."

"அவருக்கும் நமக்கும் நடுவுல இருக்கிறது அந்த விளக்கு ஒண்ணுதான். இசக்கி உயிரோட இருந்து பூஜ்ஜியம்னு நம்புற வரைக்கும் பச்சைதான் எரியும். அவன் மூச்சு நின்னாத்தான் சிவப்பு எரியும், மணி அடிக்கும்."

மணியக்காரர் மறுபடி பதிவேட்டைப் புரட்டினார்.

"அவன் மூச்சை உங்களால நிறுத்த முடியுமா?" என்று வடிவு மெதுவாகக் கேட்டாள். அந்த வார்த்தை தன் வாயிலிருந்து வந்ததை அவளாலேயே நம்ப முடியவில்லை.

"தப்பு செய்யாதவனை நான் தொட மாட்டேன். கால் வைக்கக் கூடாத இடத்துல ஒருத்தன் கால் வச்சான்னா, அங்கேயே விழுத்தாட்டுற அதிகாரம் எனக்கு இருக்கு. இதுவரைக்கும் அதை எடுத்ததில்ல. இந்த ஊர்லதான் கால் வைக்கக் கூடாத இடம்னே ஒண்ணு கிடையாதே."

"என் வீடு?"

"உன் வீட்டுல நீ குடியிருக்க. நீ இருக்கிற வரைக்கும் அங்க வாரவன் விருந்தாளி. அவன் மேல என்ன குத்தம் சொல்ல முடியும்?"

வடிவு புரிந்துகொண்டாள். வீட்டை விட்டு அவள் வெளியேற வேண்டும். அந்தப் பக்கம் யாருக்கும் சொந்தமில்லை என்று மணியக்காரர் குறி போட வேண்டும். அதற்கப்புறம் முதலில் அங்கே கால் வைக்கப் போகிறவன் இசக்கி. வீடு போவதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. வாசலில் நின்று அக்கா என்று கூப்பிடுகிறவனை அந்த வாசலிலேயே விழ வைக்க வேண்டுமே என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"விழுந்தவன் எந்திரிப்பானா அண்ணாச்சி?"

"எந்திரிக்க மாட்டான்."

"அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துருதேன்."

இசக்கி வருகிற நேரத்துக்கு வடிவு வாசலில் நின்றாள். அவன் வந்ததும் உள்ளே விடாமல் கையைப் பிடித்து உட்கார வைத்து, நடந்தது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

இசக்கி சீட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "அப்ப நீங்க இவ்வளவு நாளாச் சொன்னது?"

"பொய் தம்பி. பொய்னு தெரியாமச் சொன்னேன். நீ முதல் தரம் வந்தப்பவே எனக்குத் தெரியாதுனு, இது உனக்குரிய வீடு இல்லேனு சொல்லிருந்தா நீ தப்பிச்சிருப்பியோ என்னவோ."

"சொல்லியிருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன்க்கா. எனக்கு என் சீட்டுதான்." அவன் குரலில் கோபம் இல்லை. "நான் விழுந்தா வெளிய தெரியுமா?"

"தெரியும்னு மணியக்காரரு சொல்லுதாரு. சிவப்பு எரியுமாம். மணி அடிக்குமாம்."

"லஸ்கர் நல்ல மனுஷன். சிவப்பைப் பாத்தா ஓடி வந்துருவாரு. கைப்பிடி போட்டுச் சுத்தினா ஷட்டரு ஏறும். மூணாவதை மெதுவாச் சுத்தணும்னு அவருக்குத் தெரியும்." எழுந்து நின்றான். "சாத்திருங்கக்கா. நான் வரும்போது நீங்க உள்ள இருக்காதீங்க."

அந்தத் தரமும் குனிந்து குழியைப் பார்த்து, பூஜ்ஜியத்தை எடுத்துக்கொண்டுதான் போனான். அவனால் வேறு என்ன செய்ய முடியும்?

வடிவு கடைசியாக ஒரு தரம் வீட்டைக் கூட்டினாள். கூட்டுவதற்கு ஒன்றுமில்லை, ஆனாலும் கூட்டினாள். வாரியலை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி நின்றாள். மணியக்காரர் பதிவேட்டோடு வந்தார். பூஜ்ஜியம் எண்ணுக்கு நேராக மூன்று குறி போட்டார். இங்கே படிக்கக் கூடாது. இங்கே எழுதக் கூடாது. இங்கே எழுதியிருப்பதை உத்தரவாக எடுத்து நடக்கக் கூடாது. நினைவூரில் ஒரு கதவுக்குத் தாழ் விழுந்தது அதுதான் முதல் தடவை.

இசக்கி வந்தான். தெருவில் நிற்கிற வடிவைப் பார்த்துத் தலையசைத்தான். வடிவு கண்ணை மூடிக்கொள்ள நினைத்தாள், ஆனால் மூடவில்லை. அவன் சீட்டைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான், கால் எடுத்து வைத்தான். விழுந்தான். பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. எங்கோ வெகு தூரத்தில், ஊருக்கு வெளியே, ஒரு மணி அடிக்கத் தொடங்கியது.

பின்னாலேயே வந்த மாசானமும் அதே இடத்தில் விழுந்தான். திறக்க ஆளில்லாமல் கால்வாய்க் கதவு மூடியபடி இருந்தது.

வடிவு பூரணத்தின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தாள். செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லை. பூரணம் அளவைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். நாற்பத்தொன்றரை. நாற்பத்திரண்டு. அவர்கள் கணக்கில் பல நாள் கழிந்து நாற்பத்திரண்டரை. மணி நின்றுவிட்டது, ஆனால் தண்ணீர் ஏறிக்கொண்டுதான் இருந்தது. யாரும் வரவில்லையோ, அவனை வீணாகக் கொன்றுவிட்டோமோ என்று வடிவு புலம்பினாள். நாற்பத்துமூன்று. நாற்பத்துமூன்றேகால்.

"அப்புறம்?" என்றாள் வடிவு.

"நாப்பத்துமூணேகால்."

"அதைத்தான் முன்னாலயே சொன்னியே."

"அதுலயே நிக்கி வடிவு. ஏறல."

கொஞ்சம் கழித்து நாற்பத்துமூன்று என்றாள் பூரணம். அப்புறம் நாற்பத்திரண்டே முக்கால். வடிவு தலையைப் பூரணத்தின் தோளில் சாய்த்து, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பூரணம் அளவு சொல்வதை நிறுத்தவே இல்லை.

அன்று சாயங்காலம் லஸ்கர் மாடக்கண்ணு கம்ப்யூட்டர் பதிவில் எழுதியதை மணியக்காரர் இருவருக்கும் படித்துக் காட்டினார். ஷட்டர் புரோகிராம் நின்றுவிட்டது. நேரில் போய்ப் பார்த்தேன், தண்ணீர் கரைக்கு இரண்டடி கீழே. கைப்பிடி போட்டு மூன்று ஷட்டரும் தூக்கியாயிற்று. மூன்றாவது சிரமப்பட்டது. ஊர்களுக்கு ஆபத்து இல்லை. அவ்வளவுதான் எழுதியிருந்தார்.

இசக்கி விழுந்தபோது எப்படி இருந்தானோ அதையெல்லாம் மணியக்காரர் அச்சு அசலாக எழுதி வெளியே வைத்தார். வேலையின் எந்தப் படியில் நின்றான், மடியில் எந்தச் சீட்டு இருந்தது என்பது வரைக்கும். வெளியே இருந்தவர்கள் மறுநாள் அதைப் படித்துப் பார்த்து, எழுதாத சீட்டைக் கண்டுபிடித்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள். எழுப்புகாரனைத் திருத்தினார்கள், பூரணம் குடியேறாமல் இனி அவன் யாரையும் எழுப்ப முடியாது.

மணியக்காரரும் சும்மா இருக்கவில்லை. ஒரு வீட்டுக்குப் போட்ட குறியை ஊர் முழுக்கப் போடலாமே என்று அவருக்குத் தோன்றியது. தெருவைப் பக்கம் பக்கமாக அளந்தார். ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனித்தனியாக ஒரு படம் வரைந்து கையில் கொடுத்தார். அவரவர் படத்தில் அவரவர் வீடும், அவர்கள் கேட்டுப் போக வேண்டிய வீடும் மட்டும் தெரியும். தெரு முழுவதும் தனக்கே சொந்தம் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்ளலாம். இந்தப் பக்கம் படிக்க மட்டும், இந்தப் பக்கம் எழுதவும் செய்யலாம், இந்தப் பக்கம் உத்தரவு, நடக்கலாம் ஆனால் திருத்தக் கூடாது என்று பக்கத்துக்குப் பக்கம் குறி போட்டார். அச்சடிக்கிறவளின் நீளப் பெயர்கள் பக்கத்து அடுப்பங்கரைக்குப் போவது அத்தோடு நின்றது. யார் படத்தை எடுத்துப் பார்த்தாலும் பூஜ்ஜியம் எண்ணுக்கு நேராக மட்டும் ஒன்றும் இருக்காது.

வீடில்லாமல் நின்ற வடிவுக்கு, "நீ பெருக்கின தரையை எல்லாருக்கும் காட்டுதேன் தாயி" என்றார். புதிதாக வீடு கேட்கிறவனுக்கு முதலில் அவளுடைய வெறுந்தரையைத்தான் காட்டுவார், பார்க்க மட்டும். அவன் அதில் எழுதக் கை வைத்தால், அந்த நிமிஷமே அவனுக்கென்று தனியாக ஒரு வீட்டைப் பெருக்கிக் கொடுப்பார்கள். அப்படியாக வடிவு எல்லார் வீட்டிலும் கொஞ்ச நேரம் இருந்தாள்.

விழுந்தவன் எழவில்லை, அவன் இடத்தில் புதிதாக ஓர் இசக்கியை எழுப்பினார்கள். அதே முகம், அதே வேகம். மடியில் ஒழுங்காக எழுதிய சீட்டு. பூரணத்தின் வீட்டுக்குப் போகிற வழியில் வடிவு நின்றுகொண்டிருந்தாள்.

"இசக்கி" என்று கூப்பிட்டாள்.

அவன் நின்றான். மரியாதையாகத்தான் பார்த்தான். "யாரும்மா நீங்க? என் சீட்டுல உங்க வீடு இல்லையே."

"இல்ல தம்பி. இருக்கவும் வேண்டாம். நீ போ, பூரணம் காத்திருக்கா."

அவன் போய்விட்டான். வடிவு வாரியலை எடுத்துக்கொண்டு அடுத்த காலி வீட்டுக்கு நடந்தாள்.

இன்றைக்கும் ஒரு புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பொத்தென்று விழுந்து, செக்மென்டேஷன் ஃபால்ட் என்று ஒற்றை வரியைக் காட்டிவிட்டுச் செத்துப்போனால், எழுதினவர்கள் கம்ப்யூட்டரைத் திட்டுகிறார்கள். திட்டட்டும். எழுதாத சீட்டோடு பூஜ்ஜியம் எண் வீட்டுக்குப் போகிறவன் பொய்யான பதிலை வாங்கிக்கொண்டு திரும்பாமல் அந்த வாசலிலேயே விழுவதும், அவன் விழுந்தது வெளியே இருக்கிறவர்களுக்குத் தெரிவதும், நாலு ஊர் சோறு தின்னட்டும் என்று இசக்கி தெரிந்தே கால் வைத்த அந்த ஐப்பசி நாளில் தொடங்கிய வழக்கம்தான்.